ஒரு விசிட்டுக்கு நூற்றைம்பது

அந்தச் சாவிக்கொத்து இந்த மேசையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்து சாவிகள். ஐந்தும் ஒன்றாக விழவில்லை. முதலில் கேட் சாவி, கனமாக, ஒற்றைச் சத்தமாக. பிறகு மற்ற நாலும், பெரியவள் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் வந்து உட்காரும் தங்கைகள் மாதிரி. முப்பத்தோரு வருஷம் ஆகிறது. போட்டவள் ரோஸ்லின். போட்டுவிட்டு, "பிரமு, மாடியில விளக்கு எரிஞ்சாப் போதும். வாடகையெல்லாம் அதுக்குப் பிறகுதான்" என்றாள். வாசலில் கார் நின்றது. மஸ்கட்டுக்குப் போய்விட்டாள்.

இதிலிருந்து ஆரம்பித்தால்தான் சார், உங்கள் கேள்விக்குப் பதில் வரும். உங்கள் படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். "இதுவரை வழங்கப்பட்ட நிர்வாகக் கட்டணம், அது நிர்ணயிக்கப்பட்ட விதம்." முப்பத்தோரு வருஷத்தை ஒன்றரை அங்குலத்தில் எழுதச் சொல்கிறது உங்கள் வீட்டு நிர்வாகக் கம்பெனி. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இப்படி, ஃபேனுக்கு நேராக.

பெயர் என்ன சொன்னீர்கள்? ஆறுமுகநயினார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவரா? நல்லதாகப் போயிற்று. வேலையில் இருக்கிறவர்கள் கேட்பது மாதிரித் தலையை ஆட்டுவார்கள். ஓய்வு பெற்றவர்கள்தான் கேட்பார்கள். ஒரு வீட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் கம்பெனி உங்களுக்கு எவ்வளவு தருகிறது? சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம். சும்மா கேட்டேன்.

எதிரே பச்சை கேட் தெரிகிறதே, அதுதான் வீடு. கீழே ரோஸ்லின் சாமான்கள் பூட்டிக் கிடக்கின்றன. மாடி மட்டும் வாடகைக்கு. ரோஸ்லினும் நானும் இதே பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.ஏ. பொருளாதாரம் படித்தவர்கள். அவள் கல்யாணம் செய்துகொண்டாள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் டிரங்க் கால் போட்டுக் கொடுத்திருக்கிறேன். குரலைக் கேட்டால் போதும், ஆளைச் சொல்லிவிடுவேன். என் காதை ஏமாற்ற முடியாது. இதை எழுத வேண்டாம்.

ரோஸ்லின் காலத்தில் கட்டணம் கிடையாது. வருஷத்துக்கு ஒருதரம் வருவாள். ஒரு புடவை, ஒரு டப்பா பேரீச்சம்பழம், ஆறு குப்பி கோடாலித் தைலம். எனக்குத் தலைவலியே கிடையாது. ஆனாலும் ஆறு குப்பி. இப்போதும் இருபது குப்பி இருக்கும். போகும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் மாடியில் மூன்றே குடித்தனம். ஒருவர் மாற்றலாகிப் போனார், ஒருவர் சொந்தமாகக் கட்டிக்கொண்டு போனார், ஒருவர் காலமாகிப் போனார். என்னால் யாரும் போகவில்லை.

நாலாவது குடித்தனம்தான் இசக்கியம்மாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தாள். ஸ்கேன் சென்டரில் ஈசிஜி எடுக்கிற வேலை. புருஷன் திருப்பூரில் இருந்தான், அதாவது இங்கே இல்லை. ஒரு மகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, எனக்கு அறுபத்திரண்டு. என்னை "அக்கா" என்பாள். நான் திருத்தவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அங்கே போவேன். மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று பார்க்க. தொட்டியைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் இசக்கி காப்பி போட்டுவிடுவாள். அன்றைக்கு வந்த நெஞ்சுகளைப் பற்றிச் சொல்லுவாள். "இன்னைக்கு ஒருத்தர் அக்கா, க்ளிப்பை மாட்டுனதும் எஞ்சாமின்னு அலறுதாரு. அய்யா, இது கரண்டு குடுக்காது, உம்மகிட்ட இருக்க கரண்டத்தான் எடுக்கும்னேன்." எட்டு மணி ஆகிவிடும். "அக்கா, உங்களுக்கும் ஒருதரம் எடுத்துப் பாக்கணும். உள்ள என்ன ஓடுதுன்னு தெரியணும்லா?" என்பாள். "ஒண்ணும் ஓடலைட்டி, நடக்கத்தான் செய்யுது" என்பேன். இப்படி நாலு வருஷம். தினமும். ஒரு பைசா கிடையாது.

அப்புறம் ரோஸ்லின் இறந்துவிட்டாள். மஸ்கட்டில் அல்ல, கனடாவில், மகள் வீட்டில். மகள் பெயர் பெனிட்டா. தங்கமான பிள்ளை. அடக்கம் முடிந்து இருபதாம் நாள் வீடியோ காலில் வந்தாள்.

"ஆன்ட்டி, இவ்வளவு நாள் உங்ககிட்ட அம்மா சும்மா வேலை வாங்கிட்டாங்க. அது தப்பு. இங்கெல்லாம் பர்சென்ட் குடுப்பாங்க. பத்து வெச்சுக்கலாமா?"

"எனக்கு எதுக்கும்மா பணம்? பென்ஷன் வருது."

"எனக்குக் கில்ட்டியா இருக்கு ஆன்ட்டி."

அந்தப் பிள்ளையின் மனக்கஷ்டத்தைத் தீர்ப்பதற்காக வாங்கிக்கொண்டேன். மாதம் அறுநூற்றைம்பது. ஆக, முதல் கட்டணம் நிர்ணயிக்கப்பட்ட விதம், கருணை. எழுதிக்கொள்ளுங்கள். என் கருணை.

இதில் ஒரு விஷயம் நடந்தது. அதுவரை அந்த வாடகை என் கண்ணிலேயே பட்டதில்லை. பத்தில் ஒரு பங்கு கையில் வந்த பிறகுதான் மீதி ஒன்பது பங்கும் தெரிந்தது. தெருவில் விசாரித்தேன். மூன்றாவது வீட்டு மாடி, ஒரே ஒரு படுக்கையறை, எட்டாயிரம். எனக்கு நெஞ்சு வலித்துவிட்டது. ரோஸ்லின் வீட்டுக்கு இவ்வளவுதான் மதிப்பா? வீட்டின் கௌரவம் என்று ஒன்று இல்லையா? ஒரு வருஷம் ஏழாயிரத்து ஐந்நூறு ஆக்கினேன். மறுவருஷம் எட்டாயிரத்து ஐந்நூறு.

"ரோஸ்லினம்மா இருந்தவரை ஏத்தவே இல்லையே அக்கா" என்றாள் இசக்கி.

"ரோஸ்லின் இப்ப இல்லையேட்டி."

"அதான் தெரியுதே" என்றாள்.

ஆயிரம் ரூபாய் ஏற்றினால் எனக்கு வருவது நூறு. நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கமாட்டீர்கள். பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் அப்படி நினைக்கிறவர் இல்லை. அன்றைக்குக் காப்பியில் சீனி போடவில்லை. எனக்குச் சர்க்கரை வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அவ்வளவு அக்கறை என்மேல்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில் மாடியின் வடக்குச் சுவர் ஊறிவிட்டது. பதினெட்டாயிரம் செலவு. பெனிட்டாவுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பர்சென்ட் கொடுத்தால் நிர்வாகிக்கு வாடகைமேல்தான் கண் போகும், சுவர்மேல் போகாது என்று. யாரோ ஒரு வெள்ளைக்காரர். என்னைப் பார்த்ததே இல்லை, என்னைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"ஆன்ட்டி, பர்சென்டை அஞ்சாக் குறைச்சுக்கலாம். பதிலுக்கு, நீங்க போய்ப் பாக்குற ஒவ்வொரு விசிட்டுக்கும் நூத்தம்பது. போட்டோ மட்டும் அனுப்பிடுங்க. தேதி தெரியிற மாதிரி."

நயினார் சார், முப்பது நாளும் சும்மா போய்க்கொண்டிருந்தவள் நான். அதற்குக் காசு தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? காற்றுக்குக் காசு கொடுத்தால் மூச்சு விடாமல் இருப்போமா? சரி என்றேன். இந்தப் போனை அப்போதுதான் வாங்கினேன். படம் நன்றாக விழும்.

ஒவ்வொரு விசிட்டுக்கும் ஒரு காரணம் வேண்டும் இல்லையா? காரணம் இல்லாமல் படம் எடுத்து அனுப்பினால் பெனிட்டா என்ன நினைப்பாள்? திங்கட்கிழமை சமையலறைக் குழாய். புதன்கிழமை குளியலறைக் குழாய். வெள்ளிக்கிழமை இரண்டு குழாயையும் ஒப்பிட்டு. இசக்கி வேலை முடிந்து வந்து கையைக்கூடக் கழுவியிருக்கமாட்டாள். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"நேத்துத்தான பாத்திய அக்கா? ராத்திரியோட ராத்திரியா குழாய் வளந்தா போச்சு?"

"கசியுதான்னு பாக்கணும்ட்டி."

"சரி, எடுங்க. குழாயச் சிரிக்கச் சொல்லவா?"

அவளுக்கு எப்போதும் விளையாட்டுத்தான். இன்னொரு நாள் மொட்டைமாடிக் கொடிக்கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்த படத்தில் அவளுடைய நைட்டியும் விழுந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "கனடாக்காரங்களுக்கு என் நைட்டி என்னத்துக்கு?" என்றாள். சிரிப்பாள் என்று நானும் சிரித்தேன்.

அந்த மாதத்தில்தான் அவள் என்னை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

நான் சொன்னேனே, குரலைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று. அந்த "மேடம்" எப்படி வந்தது தெரியுமா? மெதுவாக, தண்ணீர் தெளித்த மாதிரி, வழவழவென்று. அக்கா என்பதில் அந்த மரியாதை இல்லை. ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு பதவி உயர்வு. எக்ஸ்சேஞ்சில்கூட என்னை யாரும் மேடம் என்றதில்லை, "ஏ டிரங்க் கால்" என்பார்கள். போட்டோ எடுக்கத் தொடங்கியதிலிருந்து காப்பியும் நின்றது. அதுவும் சரிதான். அலுவலாக வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்தால் லஞ்சம் மாதிரி ஆகிவிடும் இல்லையா? அந்த நாசூக்கு அவளுக்கு உண்டு. கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பாள், கரண்டு ரீடிங் எடுக்க ஆள் வந்தால் நிற்போமே, அந்த மாதிரி. நான் இரண்டு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். ஆறு மணிக்குப் போனால் ஆறு ஐந்துக்கு இங்கே வந்துவிடுவேன். நேரம் நிறைய மிச்சமாயிற்று. அந்த நேரத்தை என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது மாதம் பெனிட்டா அழைத்தாள். குரல் சரியில்லை.

"ஆன்ட்டி, ஒரே மாசத்துல பதினாலு விசிட்டா?"

"ஆமாம்மா."

"ரெண்டாயிரத்து நூறு ரூபா ஆன்ட்டி. அஞ்சு பர்சென்டையும் சேத்தா வாடகைல முப்பது பர்சென்ட் உங்களுக்கே போகுது."

நீங்களே சொல்லுங்கள். சும்மா போன காலத்தில் மாதம் முப்பது தரம் போனேன். காசு தர ஆரம்பித்த பிறகு பதினாலு தரம்தான். பாதிக்குப் பாதி குறைத்திருக்கிறேன். அதைப் போய் அதிகம் என்கிறாள். கணக்கில் அவள் அப்படியே அப்பாவைக் கொண்டு வந்திருக்கிறாள். இதையும் எழுத வேண்டாம்.

அதன் பிறகு மூன்றாவது கட்டண முறை. போன சித்திரையில். பர்சென்டும் கிடையாது, விசிட்டும் கிடையாது. மாதம் தட்டையாக அறுநூறு. வாடகை வந்தாலும் அறுநூறு, வராவிட்டாலும் அறுநூறு. கூடவே ஒன்று. புது வாடகையில் புது அக்ரிமென்ட் போட்டால், அரை மாத வாடகை எனக்கு. "ஒரு இன்சென்டிவ் ஆன்ட்டி" என்றாள். எனக்கு அந்த வார்த்தை தெரியும். பொருளாதாரத்தில் இரண்டாம் தாள்.

இசக்கிக்கு அக்ரிமென்ட் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்குப் போட்டது. பதினோரு மாதம் முடிந்ததும் ரோஸ்லினும் அவளும் அதை மறந்துவிட்டார்கள். நானும்தான். நீங்கள் பதிவு அலுவலகத்தில் இருந்தவர், உங்களுக்குத் தெரியும், ஒரு குடும்பப் பெண்ணை எட்டு வருஷமாக அக்ரிமென்ட் இல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தப்பு. அவளுடைய பாதுகாப்புக்காகவே புது அக்ரிமென்ட் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சித்திரையில் தோன்றியது.

ஆனி பிறந்ததும் போய்ச் சொன்னேன். பத்தாயிரத்து ஐந்நூறு, புது அக்ரிமென்ட்.

அவள் அப்போது இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"முடியாது மேடம். மகளுக்கு பிளஸ் டூ. டியூஷனே மூவாயிரம் போகுது."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? சம்பளம் யோசிச்சா கூடும்?"

அப்போதுதான் சொன்னேன். "அப்பம் ஆனி முடியக் காலி பண்ணிக்கிடு, இசக்கி."

நில்லுங்கள், பேனாவை வையுங்கள். என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது. அவளை அனுப்ப வேண்டும் என்று ஒரு கடுகளவுகூட எண்ணம் கிடையாது. அவள் போகக்கூடாது. அந்த மாடியில் அவள்தான் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தானே மாதம் பார்த்துச் சொன்னேன்! ஆனி முடிந்தால் என்ன? ஆடி. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ஆடியில் பால் காய்ச்சின வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள். ஆனியில் காலி செய் என்று சொன்னால் அதற்கு அர்த்தம், காலி செய்ய முடியாது, வா, வந்து உட்கார்ந்து பேசு என்பதுதான். அவள் எட்டாயிரத்து எழுநூறு என்பாள். நான் பத்து என்பேன். அவள் கண்ணைக் கசக்குவாள். நான் ஒன்பதரைக்கு இறங்குவேன். அதற்கு நாலைந்து சாயங்காலம் ஆகும். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் இங்கே வர வேண்டும், அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். பால் கூடுதலாக அரை லிட்டர் வாங்கினேன். கடைக்காரர் கேட்டார், "யாராவது விருந்தாளியா?" என்று. ஆமாம் என்றேன்.

அவள் வரவில்லை. ஆனியின் கடைசி வாரம் முழுக்க ஜன்னலோரம் காதை வைத்துக்கொண்டு இருந்தேன். படியில் அவள் இறங்கும் சத்தம் எனக்குத் தெரியும். கடைசி மூன்று படியை இரண்டாகத் தாண்டுவாள். ஒவ்வொரு நாளும் இறங்கினாள், கேட்டைத் திறந்தாள், இடது பக்கம் திரும்பிப் போனாள். ஸ்கேன் சென்டர் வலது பக்கம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இடது பக்கம் ஏதோ கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஆடி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்கு ஒரு குட்டியானை வண்டி வந்து பச்சை கேட்டுக்குப் பின்பக்கத்தைத் திருப்பி நின்றது. முதலில் கட்டில் இறங்கியது. அப்புறம் ஃப்ரிட்ஜ். அப்புறம் மகளுடைய புத்தகங்கள், அரிசிச் சாக்கில். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"ஏட்டி, ஆடில்லா! ஆடியிலயா வீடு மாறுவாக?"

இசக்கி மிக்ஸியைப் புடவையில் சுற்றி மகள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடகை வீட்டுக்கு என்ன மேடம் ஆடி, ஆவணி? மாசம் பாக்கது சொந்த வீட்டுக்காரங்க. நாங்க தேதி பாப்போம்."

"பால் காய்ச்ச வேண்டாமா?"

"காய்ச்சாம என்ன? தெனம் காய்ச்சத்தான செய்யுதோம்."

"யாரு உனக்கு ஆடியில வீடு குடுத்தா?"

அப்போது சிரித்தாள். பழைய சிரிப்பு. "ஆடியில எவனும் வரமாட்டான், வீடு சும்மாதான் கெடக்கும்னு வீட்டுக்காரருக்கும் தெரியும்லா. அட்வான்ஸ்ல இருபதாயிரம் கொறச்சாரு. வாடகையும் கொறச்சாரு. துணிக்கடையில போடுதான்லா மேடம், ஆடித் தள்ளுபடி? அதான்."

நான் பொருளாதாரம் படித்தவள் சார். வாங்க ஆள் இல்லாத மாதத்தில் விலை இறங்கும். முதல் வருஷம், முதல் பாடம். ரோஸ்லினும் நானும் அந்தப் பாடம் நடக்கும்போது டெஸ்க்குக்கு அடியில் நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

பொதுவாக, காலி செய்கிறவர்கள் ஆணியைப் பிடுங்கிச் சுவரைக் குழியாக்கிவிட்டுப் போவார்கள். அவள் குழிகளை அடைத்து, மேலே சுண்ணாம்பு தொட்டு வைத்திருந்தாள். குழாய்கள் எல்லாம் மின்னின. ஒன்றுகூடக் கசியவில்லை. அப்படியும் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொண்டோம். அது ஊர் வழக்கம், நான் ஏற்படுத்தியது அல்ல. வண்டி கிளம்பும்போது, "வாரேன் மேடம்" என்றாள். நான் ஒரு படம் எடுத்தேன். விசிட்டுக்குக் காசு நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏதோ கைப்பழக்கம்.

அதிலிருந்து மாடி காலி. ஆவணியில் மூன்று பேர் வந்தார்கள். வீடு பிடித்திருக்கிறது என்றார்கள். பழைய குடித்தனம் ஏன் போயிற்று என்று கேட்டார்கள். நான் மறைக்கிறவள் அல்ல, இப்போது உங்களிடம் சொல்வது மாதிரி ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். இரண்டு பேர் பாதியிலேயே எழுந்தார்கள். ஒருவர் முழுக்கக் கேட்டார், நல்ல மனிதர், கேட்டுவிட்டு மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மனைவி இன்னும் யோசிக்கிறாள் போல. புரட்டாசியில் யாரும் வருவதில்லை. ஐப்பசியில் மழை. இதோ கார்த்திகை, இன்னும் ஒன்பது நாளில் மார்கழி பிறந்துவிடும். மாதா மாதம் அறுநூறு மட்டும் வந்துகொண்டிருந்தது. போன வாரம் பெனிட்டா அழைத்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கும் வயசாகுது. ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள். எனக்கு வயதாகிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

சரி, உங்கள் கம்பெனிக் கட்டணம் என்ன? சொல்லுங்கள், அது ரகசியம் இல்லையே, தாளில் அச்சடித்திருக்கிறதே. கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். மாத வாடகையில் எட்டு பர்சென்ட். சரி. புதுக் குடித்தனம் வைத்தால் ஒரு மாத வாடகை. முழு மாதமா? அக்ரிமென்ட் புதுப்பித்தால் அரை மாதம். ரிப்பேர் செலவில் பத்து பர்சென்ட் மேல்கட்டணம். வீடு காலியாக இருந்தால் மாதம் ஐந்நூறு. ஆய்வு வருகை ஒன்றுக்கு இருநூற்றைம்பது.

நயினார் சார்! இது பகல் கொள்ளை இல்லையா? நான் ஒன்று ஒன்றாக வாங்கினதை நீங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு வாங்குகிறீர்களே. வாடகையில் பங்கு கொடுத்தால் அவன் வாடகையை ஏற்றுவான். வருகைக்குக் காசு கொடுத்தால் வந்துகொண்டே இருப்பான். புதுக் குடித்தனத்துக்குக் காசு கொடுத்தால் பழைய குடித்தனத்தை நிம்மதியாக விடுவானா? இது ஏன் பெனிட்டாவுக்குப் புரியவில்லை? மனுஷர்கள் அப்படித்தான் சார். எல்லாரும் என்னை மாதிரி இருக்கமாட்டார்கள்.

ஒன்று கேட்கட்டுமா? அந்த ஆய்வு வருகையை யார் செய்வார்கள்? வண்ணார்பேட்டை ஆபீசிலிருந்தா வருவார்கள்? பஸ் செலவு ஆகுமே. தெருவிலேயே ஒரு ஆள் இருந்தால் கம்பெனிக்கு லாபம்தானே. இருநூற்றைம்பதில் நூற்றைம்பது அந்த ஆளுக்குக் கொடுத்தால்கூட நூறு மிச்சம். போன் இருக்கிறது. படம் நன்றாக விழும். நான் எனக்காகக் கேட்கவில்லை, உங்கள் வசதிக்குச் சொல்கிறேன். மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறீர்களா? அங்கே ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். இதை எழுதலாம்.

சாவியா? தருகிறேன், தருகிறேன். அதற்குள் எழுந்துவிட்டீர்களே. படிவத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது பாருங்கள், கடைசியில். முந்தைய குடித்தனக்காரரின் இப்போதைய முகவரி. கரண்டு பில் பாக்கி ஏதாவது இருந்தால் கேட்பதற்கா? அவள் ஒன்றும் பாக்கி வைக்கவில்லை.

முகவரி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். இசக்கியம்மாள், பதினேழின்கீழ் இரண்டு, கிணற்றடித் தெரு, மேலப்பாளையம் போகிற வழி. இரண்டு அறை, மாடிதான். வாடகை ஏழாயிரம். மகள் காலாண்டுப் பரீட்சையில் வகுப்பில் இரண்டாவது வந்திருக்கிறாள். வீட்டுக்காரர் ரிட்டயர்டு டிரைவர், கீழேயே குடியிருக்கிறார். சாயங்காலம் அவரும் அவர் மனைவியும் மாடிக்கு ஏறிப் போய் இசக்கியிடம் காப்பி குடிக்கிறார்கள்.